பட்ஜெட் கேமிங் கம்ப்யூட்டருக்கு டபிள்யூடி ப்ளூ எஸ்என்580: நொடிக்கு ஏழாயிரம் எம்பி வேண்டாம், இது போதும்

டபிள்யூடி (வெஸ்டர்ன் டிஜிட்டல்) கம்பெனியின் ப்ளூ எஸ்என்580, 1 டிபி. ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக விண்டோஸும் கேமும் வைக்கிற எஸ்எஸ்டி டிரைவ் இது. தம்பியின் கேமிங் கம்ப்யூட்டருக்காக 2024 ஆரம்பத்தில் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் வாங்கினேன். பில்லோடு ஐயாயிரத்துச் சொச்சம் ஆனது. இன்றுவரை அதே கம்ப்யூட்டரில் ஓடிக்கொண்டிருக்கிறது, ஒரு நாளும் மக்கர் செய்ததில்லை. மொத்த பட்ஜெட்டே நாற்பதாயிரத்துக்குள் என்றால் இந்த ரகத்துக்கு மேல் எஸ்எஸ்டிக்கு ஒரு ரூபாய்கூட அதிகம் போட வேண்டாம் என்பது என் கட்சி. காரணங்களைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். கடையில் நாமாகக் கேட்டால் ஒழிய யாரும் இதைச் சொல்லமாட்டார்கள்.

எந்தக் கம்ப்யூட்டருக்கு என்பதைச் சொல்லாமல் எஸ்எஸ்டியைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இல்லை. ரைசன் 5 5600ஜி ப்ராசஸர், பி450 மதர்போர்டு, தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. கார்டு பிற்பாடு போனஸ் வந்தால் பார்க்கலாம் என்று தம்பிக்கு ஒரு வாக்குறுதி. நான் அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் க்யூசி பிரிவில் இருக்கிறேன். வருகிற பாகத்தை ஸ்பெக் ஷீட்டோடு வைத்துப் பார்த்து, ஒத்துவந்தால் கையெழுத்து, இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவது. இதுதான் தினப்படி வேலை. அந்தப் புத்தி ஷாப்பிங் போகும்போதும் கூடவே வந்துவிடுகிறது. வீட்டில் இதற்குக் கெட்ட பெயர் உண்டு.

தம்பியின் தலையில் யூடியூப் ஏற்றிவைத்த எண் ஒன்றே ஒன்றுதான்: 7000. "செகண்டுக்கு ஏழாயிரம் எம்பிக்கா! நாலாயிரத்தை வாங்கிட்டு அப்புறம் ஃபீல் பண்ணக் கூடாது" என்று மெட்ரோவில் வரும்போதே ஆரம்பித்துவிட்டான். கடைக்காரரும் அவன் முகத்தைப் பார்த்த மாத்திரத்தில் சரியான பெட்டியை எடுத்து வைத்தார். "கேமிங்னா இதுதான் மேடம், எல்லாப் பசங்களும் இதைத்தான் எடுத்துட்டுப் போறாங்க."

"எந்த போர்டுன்னு நீங்க கேக்கவே இல்லையேண்ணா?"

பி450 என்று சொன்னதும் ஒரு நொடி யோசித்தார். "ஃபியூச்சர்ல போர்டு மாத்தினீங்கன்னா யூஸ் ஆகும்" என்றார். வியாபாரத்தில் கெட்டிக்காரர்தான்.

விஷயம் இதுதான். டிரைவும் போர்டும் பேசிக்கொள்கிற பாதைக்குப் பெயர் பிசிஐஇ, ஜென் என்பது அதன் தலைமுறை. அந்த 7000 என்பது பிசிஐஇ ஜென் 4 ஸ்லாட்டில் கிடைக்கிற வேகம். பி450 போர்டுகளில் எம்.2 ஸ்லாட், அதாவது இந்த டிரைவைச் செருகும் இடம், ஜென் 3. அதில் எந்தக் கொம்பன் டிரைவைச் செருகினாலும் நொடிக்கு 3500 எம்பியை ஒட்டி நின்றுவிடும். இதையாவது சிலர் சொல்வார்கள். பலருக்குத் தெரியாத இன்னொன்று: 5600ஜி ப்ராசஸரே ஜென் 3 வரைதான். கூடுதல் காசு கொடுத்து பி550 போர்டு வாங்கினாலும் இந்த ப்ராசஸரோடு ஜென் 4 கிடைக்காது. ரைசன் 5 5500-க்கும் இதே கதை. பெயரில் ஒரு எழுத்து குறைந்த 5600-ஐ பி550-இல் மாட்டினால்தான் ஜென் 4. இன்டெல் பக்கம் ஐ3 12100எஃப் எடுப்பவர்கள் விலைக்காகப் பெரும்பாலும் எச்610 போர்டுக்குத்தான் போகிறார்கள். அங்கேயும் எம்.2 ஸ்லாட் ஜென் 3. ஆக, நம் ஊரில் பட்ஜெட் கம்ப்யூட்டர் என்று அசெம்பிள் ஆகிற பெட்டிகளில் நிறையவற்றுக்கு அந்த 7000 என்பது பெட்டியின் மேல் அச்சடித்த எண், அவ்வளவுதான்.

எஸ்என்580-உம் ஜென் 4 டிரைவ்தான். 1 டிபி மாடலுக்கு கம்பெனி சொல்வது படிக்க 4150, எழுத 4150. எங்கள் போர்டில் டிரைவின் வேகத்தை அளக்கிற கிரிஸ்டல்டிஸ்க்மார்க் சாஃப்ட்வேரை ஓட்டியபோது 3500-க்குப் பக்கத்தில் காட்டியது. அதாவது ஸ்லாட் கொடுக்கிற வேகம் முழுவதையும் இது தின்றுவிடுகிறது, தாண்டி வீணாகப் போவது கொஞ்சம்தான். எனக்கு இந்தக் கணக்கு பிடித்திருந்தது.

அதே சாஃப்ட்வேரில் கடைசி வரியை யாரும் ஸ்க்ரீன்ஷாட் எடுத்துப் போடுவதில்லை. சின்னச் சின்னத் துண்டுகளாக, ஒன்று முடிந்த பிறகு அடுத்தது என்று படிக்கிற வேகம். அதில் இந்த டிரைவ் எழுபது எம்பிச் சொச்சம்தான் காட்டுகிறது. ஆனால் விண்டோஸ் எழும்புவதும் கேம் ஆரம்பிப்பதும் பெருமளவு இந்த வரியை நம்பித்தான். விலை இரண்டு மடங்கு உள்ள டிரைவ் இந்த வரியில் இரண்டு மடங்கு ஓடுவதில்லை. தம்பியின் நண்பன் வீட்டில் ஜென் 4 போர்டு, 7000 டிரைவ் எல்லாம் உண்டு. ஒரு ராத்திரி இரண்டு பேரும் போனில் ஒன், டூ, த்ரீ சொல்லி ஒரே நேரத்தில் ஜிடிஏ 5 ஸ்டோரி மோடை அழுத்தினார்கள். நண்பன் ஜெயித்தான், இரண்டு நொடி முன்னால். அவனுடைய ப்ராசஸரும் பெரியது என்பதைச் சேர்த்துக்கொண்டால் டிரைவின் பங்கு என்ன என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் பழைய லேப்டாப்பின் ஹார்ட் டிஸ்க்கில் அதே கேம் ஒரு நிமிடத்துக்கு மேல் லோகோவைக் காட்டிக்கொண்டு நிற்கும். இதில் அரை நிமிடத்துக்குள் ஆள் தெருவில் நடக்கிறான். பெரிய தாவல் ஹார்ட் டிஸ்க்கிலிருந்து ஏதாவது ஒரு எஸ்எஸ்டிக்கு மாறுவதில்தான் இருக்கிறது. ஸ்டார்ஃபீல்ட், பால்டர்ஸ் கேட் 3 மாதிரி 2023-இல் வந்த கேம்கள் குறைந்தபட்சத் தேவையிலேயே எஸ்எஸ்டி என்று எழுதிவிட்டன. 7000 என்று எழுதவில்லை.

டைரக்ட்ஸ்டோரேஜ் பற்றிக் கேட்பீர்கள். கிராபிக்ஸ் கார்டு டிரைவிலிருந்து வேகமாகத் தகவலை அள்ளிக்கொள்ள மைக்ரோசாஃப்ட் செய்த ஏற்பாடு. பிசியில் அதை முதலில் கொண்டுவந்தது 2023 ஜனவரியில் வந்த ஃபோர்ஸ்போக்கன். அந்தக் கேமை 5600ஜி-யின் உள் கிராபிக்ஸில் ஓட்ட நினைப்பவர் டிரைவைப் பற்றிக் கவலைப்பட வேண்டிய நிலையில் இல்லை. விட்டுவிடலாம்.

சரி, வேகம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்றால் கண்ணில் பட்ட மலிவு டிரைவை வாங்கிவிடலாமா? இங்கேதான் என் க்யூசி புத்தி விழித்துக்கொண்டது.

எஸ்எஸ்டிக்குள் இருக்கிற மெமரி செல்லில் மூன்று பிட் வைத்தால் டிஎல்சி, நான்கு பிட் வைத்தால் க்யூஎல்சி. நான்கு வைத்தால் அதே சிலிக்கானில் அதிக ஜிபி கிடைக்கும், விலை இறங்கும். எழுதும்போது மெதுவாகும், ஆயுளும் குறையும். அந்த மெதுவை மறைக்க ஏறக்குறைய எல்லா டிரைவும் காலியான இடத்தில் ஒரு பகுதியை செல்லுக்கு ஒரு பிட் என்று வேகமாக எழுதி வைத்துக்கொண்டு, சும்மா இருக்கும்போது நிதானமாக அடுக்கிக்கொள்கிறது. பெட்டியில் போட்டிருக்கிற எழுதும் வேகம் அந்த ஒதுக்கிடம் தீரும்வரைதான். டிரைவ் பாதிக்கு மேல் நிரம்பிவிட்டால் ஒதுக்கிடமும் சுருங்கும். மலிவான க்யூஎல்சியில் அது தீர்ந்த பிறகு பெரிய ஃபைல் காப்பி செய்தால் வேகம் ஹார்ட் டிஸ்க் அளவுக்கு விழுந்து உட்கார்ந்துவிடும்.

பெட்டியின் முன்பக்கத்தில் க்யூஎல்சி என்று யாரும் பெரிய எழுத்தில் போடமாட்டார்கள். ஆனால் கம்பெனியின் தளத்தில் ஸ்பெக் ஷீட் இருக்கும், அதில் டிபிடபிள்யூ என்று ஒரு வரி இருக்கும். வாரண்டி காலத்துக்குள் மொத்தம் எத்தனை டிபி எழுதலாம் என்பதற்கான கணக்கு அது. நான் அதைத்தான் போனில் திறந்து வைத்துக்கொண்டு கடை கடையாக ஏறினேன். 1 டிபி மாடல்களில் எஸ்என்580-க்கு 600, வாரண்டி 5 வருடம். க்ரூஷியல் பி3 ப்ளஸ்ஸுக்கு 220, அதுவும் 5 வருடம், அது க்யூஎல்சி. கிங்ஸ்டன் என்வி2-வுக்கு 320, 3 வருடம். என்வி2-வில் இன்னொரு சங்கதி, உள்ளே டிரைவை நடத்துகிற கன்ட்ரோலர் சிப்பும் மெமரியும் ஒரே ரகம் என்று கிடையாது, லாட்டுக்கு லாட் மாறலாம். இணையத்தில் ஒருவர் நல்லது என்று எழுதிய அதே பெயர்ப் பெட்டியில் உங்களுக்கு வேறு சரக்கு வரலாம். டிரைவ் கெட்டுப்போகும் என்று சொல்லவில்லை. ஸ்பெக் நிலையாக இல்லாத பாகத்துக்கு எனக்குக் கையெழுத்துப் போட வராது, அவ்வளவுதான்.

ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். கேம் ஆடுகிறவருக்கு 600, 220 இரண்டுமே அதிகம். வாரம் 150 ஜிபி கேம் ஒன்றை இறக்கி அழித்தாலும் வருடத்துக்கு 8 டிபிகூட வராது; 220-ஐத் தொடவே 25 வருடத்துக்கு மேல் ஆகும். எழுதும் வேகமும் அப்படித்தான். எங்கள் வீட்டில் 100 எம்பிபிஎஸ் ஃபைபர். அதன் வழியாக நொடிக்கு 12 எம்பிச் சொச்சம்தான் வரும். ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2-க்கு 150 ஜிபி இடம் கேட்கிறார்கள். அவ்வளவையும் இறக்க மூன்று மணி நேரத்துக்கு மேல். டிரைவ் அந்த நேரமெல்லாம் தூங்கி வழியும். ஆகவே எனக்கு டிபிடபிள்யூ ஆயுள் கணக்கு என்பதைவிட உள்ளே என்ன போட்டிருக்கிறார்கள் என்று காட்டிக்கொடுக்கிற எண். விலை வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால் டிஎல்சிக்குப் போங்கள். வித்தியாசம் ஆயிரத்தைத் தாண்டினால், அதுவும் கேம் மட்டும் வைக்கிற இரண்டாவது டிரைவ் என்றால், க்யூஎல்சி வாங்குவது ஒன்றும் பாவம் இல்லை.

எஸ்என்580-இல் தனி டிரேம் சிப், அதாவது டிரைவுக்கென்று சொந்தமாக ஒரு ரேம், கிடையாது. இதைப் பெரிய குறையாகச் சிலர் பேசுகிறார்கள். எந்தத் தகவல் எங்கே இருக்கிறது என்ற அட்டவணையை வைத்துக்கொள்ள இந்த மாதிரி என்விஎம்இ (பிசிஐஇ வழியாக ஓடுகிற) டிரைவ்கள் கம்ப்யூட்டரின் ரேமிலிருந்தே சில பத்து எம்பி இடத்தைக் கடன் வாங்கிக்கொள்கின்றன. விண்டோஸ் 10, 11 இரண்டும் அதைத் தானாகவே கொடுத்துவிடும். தினமும் வீடியோ எடிட் செய்து நூறு ஜிபி கணக்கில் எழுதுகிறவர் டிரேம் உள்ளதை வாங்கட்டும். சாட்டா எஸ்எஸ்டியில், அதாவது ஹார்ட் டிஸ்க் மாதிரியே இணைக்கிற பழைய ரகத்தில், இந்தக் கடன் வசதி கிடையாது. அங்கே டிரேம் இல்லாததும் மலிவானதும் சேர்ந்தால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். எங்கள் பழைய லேப்டாப்பில் ஆன்லைனில் அடித்துப்பிடித்து வாங்கிய அப்படி ஒன்று இருந்தது. ஒரு வருடம் ஆகும் முன்பே ஒரு காலையில் விண்டோஸுக்கு முன்னால் வருகிற பயாஸ் திரையில்கூடத் தெரியாமல் போய்விட்டது. விற்றவர் போனை எடுக்கவே இல்லை. அம்மாவின் அறுபதாம் கல்யாண போட்டோக்கள் அதோடு போயின. கம்பெனி பெயர் வேண்டாம்.

மிச்சமான பணத்தில் என்ன செய்தோம் என்பதுதான் இந்த ரிவ்யூவில் எனக்கு முக்கியமான பகுதி. தம்பி போட்ட திட்டத்தில் 7000 டிரைவும் ஒரே ஒரு 8 ஜிபி ரேம் ஸ்டிக்கும் இருந்தன. "ரேம் அப்புறம் போட்டுக்கலாம்க்கா." 5600ஜி-யின் உள் கிராபிக்ஸுக்குச் சொந்தமாக மெமரி கிடையாது, ரேமைத்தான் பங்கு போட்டுக்கொள்ளும். ஒரு ஸ்டிக் என்றால் ஒரு வழிப்பாதை. இரண்டு ஸ்டிக் போட்டால் இரண்டு சேனல், அகலம் இரட்டிப்பு. டிரைவ் விலை வித்தியாசத்தில் இரண்டாவது 8 ஜிபி ஸ்டிக் வந்தது, மீதியில் ஒரு கேபினெட் ஃபேனும். வீட்டுக்கு வந்து ஒரு ஸ்டிக்கைக் கழற்றி வேலரண்ட் ஆடிவிட்டு, மறுபடி மாட்டி ஆடினான். ஃபிரேம் எண்ணிக்கையைப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை, பக்கத்தில் நின்ற எனக்கே திரை தெளிவாக ஓடுவது தெரிந்தது. எஸ்எஸ்டி எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும் ஆடும்போது வருகிற ஃபிரேமை ஏற்றிவிடாது. லோடிங் நேரத்தைத்தான் குறைக்கும். அன்றைக்குப் பிறகு வீட்டில் 7000 பேச்சு இல்லை.

மாட்டுகிற கதை. டிரைவ் 22 மில்லிமீட்டர் அகலம், 80 நீளம். சூயிங்கம் பட்டை மாதிரி ஒல்லியாக இருக்கும். ஸ்லாட்டில் சாய்வாகச் செருக வேண்டும். கையை விட்டால் முனை மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், பயப்படத் தேவையில்லை. அதை விரலால் அமுக்கி, எதிர்முனையில் இருக்கிற குட்டித் தூண் மேல் ஸ்க்ரூவைப் போட வேண்டும். அந்த ஸ்க்ரூ டிரைவின் பெட்டியில் வராது! போர்டு பெட்டிக்குள் சாட்டா கேபிளுக்கு அடியில் நகத்தளவு பிளாஸ்டிக் உறையில் இருக்கும். எங்கள் வீட்டில் அந்த உறை குப்பைக்குப் போய், குப்பைக்கூடையைக் கூடத்தில் கவிழ்த்துத் தேடி எடுத்தோம். தொலைந்தே போனால் எம்2 அளவு, 3 மில்லிமீட்டர் நீளம் என்று கேளுங்கள், ரிச்சி ஸ்ட்ரீட்டில் பத்து இருபது ரூபாய்க்குக் கொடுப்பார்கள். ஐயாயிரம் ரூபாய் பொருளோடு ஒரு ஸ்க்ரூ வைத்தால் கம்பெனி ஏழையாகிவிடாது என்பது என் புகார். டிரைவ் மேல் இருக்கிற ஸ்டிக்கரை உரிக்காதீர்கள், வாரண்டி போய்விடும்.

இரண்டாவது டிரைவாக மாட்டுகிறவர்களுக்கு: விண்டோஸ் எழும்பியதும் மை கம்ப்யூட்டரில் புது டிரைவ் தெரியாது. டிரைவ் டெட் என்று கடைக்கு ஓட வேண்டாம். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் இனிஷியலைஸ் கொடுத்து, ஜிபிடி தேர்ந்தெடுத்து, ஃபார்மேட் செய்யுங்கள். 1 டிபி என்று வாங்கியது 931 ஜிபி என்று காட்டும். யாரும் திருடவில்லை, கம்பெனி ஆயிரத்தால் பெருக்குகிறது, விண்டோஸ் 1024-ஆல் வகுக்கிறது. பழைய டிரைவை அப்படியே நகலெடுக்க அக்ரோனிஸ் என்ற சாஃப்ட்வேரின் டபிள்யூடி பதிப்பு இலவசமாகக் கிடைத்தது.

சூடு பற்றி ஒரு வார்த்தை. இதற்கு ஹீட்சிங்க் (சூட்டை இறக்குகிற உலோகத் தகடு) கிடையாது, எங்கள் போர்டிலும் இல்லை. கத்திரி வெயிலில், ஏசி இல்லாத அறையில், மத்தியானம் முழுக்க ஆடியபோதும், டிரைவின் சூட்டையும் ஆரோக்கியத்தையும் காட்டுகிற கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ சாஃப்ட்வேரில் அறுபது டிகிரியைத் தொடவில்லை. டிரேம் இல்லாத டிரைவ்களின் நல்ல பக்கம் இது, மின்சாரமும் குறைவு, சூடும் குறைவு. 300 ரூபாய்க்குக் கலர் விளக்கு எரிகிற ஆர்ஜிபி ஹீட்சிங்க்கை யாராவது நீட்டினால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

கடையில் பில் விஷயம். முதல் கடையில் பில் இல்லாமல் என்றால் முந்நூறு குறைவு என்றார்கள். 5 வருட வாரண்டி உள்ள பொருளுக்கு ஜிஎஸ்டி பில் இல்லாமல் வாங்குவது, வாரண்டியைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவதற்குச் சமம். பெட்டியில் இந்திய இறக்குமதியாளரின் பெயரும் எம்ஆர்பியும் உள்ள ஸ்டிக்கர் இருக்கிறதா என்று பாருங்கள். சீரியல் எண்ணை அங்கேயே கம்பெனி தளத்தில் அடித்து வாரண்டி தேதியைப் பார்த்துவிடுங்கள். நான் அடித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது தம்பி கடை வாசலில் போய், என்னைத் தெரியாதவன் மாதிரி நின்றுகொண்டான்.

இப்போது வாங்குகிறவர்களுக்கு நிலைமை வேறு. 2025 கடைசியிலிருந்து ரேமும் எஸ்எஸ்டியும் விலை ஏறியிருக்கின்றன. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரியை அள்ளிக்கொண்டு போவதுதான் காரணம். 2025 டிசம்பரில் மைக்ரான் தன் க்ரூஷியல் பிராண்டின் நுகர்வோர் வியாபாரத்தையே நிறுத்தப்போவதாக அறிவித்துவிட்டது. ஏற்கெனவே விற்றவற்றுக்கு வாரண்டி உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். டபிள்யூடியின் ஃப்ளாஷ் பிரிவும், அதாவது எஸ்எஸ்டி செய்கிற பிரிவும், 2025 பிப்ரவரியில் சான்டிஸ்க் என்று தனிக் கம்பெனியாகப் பிரிந்துவிட்டது, அதனால் பெட்டியில் பெயர் மாறியிருந்தால் போலி என்று பதற வேண்டாம். எஸ்என்580 கிடைக்காத இடத்தில் அதே ப்ளூ வரிசையின் எஸ்என்5000 இருக்கும். 1 டிபியில் அதற்கும் 600 டிபிடபிள்யூ, டிஎல்சி. படிக்கும் வேகம் 5150. ஜென் 3 போர்டில் இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, விலை குறைந்ததை எடுங்கள்.

கை இறுக்கமாக இருக்கிறது என்று 500 ஜிபியில் முடித்துக்கொள்ள நினைத்தால், விண்டோஸ் போக இரண்டு பெரிய கேமுக்கு மேல் ஆசைப்பட முடியாது என்பதைத் தெரிந்துகொண்டு வாங்குங்கள். வேலரண்டும் ஜிடிஏவும் மட்டும்தான் என்றால் தாராளமாகப் போதும். செகண்ட் ஹேண்ட் என்றால் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோவைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஹெல்த் சதவீதம், மொத்தம் எழுதிய ஜிபி, ஓடிய மணி நேரம் மூன்றும் அதில் இருக்கும். காட்டத் தயங்கினால் நடையைக் கட்டுங்கள்.

எங்கள் டிரைவ் இப்போது முக்கால்வாசி நிரம்பிவிட்டது. தம்பி இன்னொன்று கேட்கிறான். எங்கள் போர்டில் எம்.2 ஸ்லாட் ஒன்றுதான், ஆகவே அடுத்தது 2.5 இன்ச் சாட்டாதான். நொடிக்கு 550 எம்பி, கேம் வைக்க அதுவே தாராளம். விலை கொஞ்சம் இறங்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.